சுவாகிலிப் புனைகதையிற் சமூக விமர்சனமும் சீர்திருத்த இலட்சியமும்: சாபான் றொபேட் முதல் ஆதம் ஷாஃபி வரை

1. தோற்றுவாய்

ஒரு சமூகத்தின் குறைகளை அச்சமூகத்தின் மொழியிலேயே, அச்சமூகத்து மக்களை முன்னிறுத்தியே பேசும் இலக்கியம் ஒன்று. அதே குறைகளை அந்நிய மொழியொன்றில் வெளியுலகுக்கு எடுத்துரைக்கும் இலக்கியம் மற்றொன்று. முன்னையது தன் வாசகரோடு வழக்காடுகின்றது. பின்னையது பெரும்பாலும் தன் வாசகருக்கு விளக்கமளிக்கின்றது. ஆபிரிக்க இலக்கியம் என்றதும் நம்மிற் பலரின் நினைவில் எழுவன ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்ட ஆக்கங்களே. சினுவா அச்செபே, வோலே சொயின்கா, செம்பேன் உஸ்மான் முதலியோரின் பெயர்கள் நமக்குப் பழக்கமானவை. ஆயின் இந்துமாக்கடலின் மேற்குக் கரையில், பல நூற்றாண்டு எழுத்து மரபினையுடைய சுவாகிலி மொழியில் வளர்ந்த புனைகதை பற்றி நாம் அறிந்திருப்பது மிகச் சொற்பமே. சுவாகிலி நாவலாசிரியர்கள் எழுதியது தம் நாட்டு மாணவருக்கும் ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் தொழிலாளருக்குமே. ஆதலின் அவர்களுடைய சமூக விமர்சனம் வீட்டுக்குள் நிகழும் வாக்குவாதத்தின் கூர்மையும் ஆபத்தும் கொண்டதாக அமைந்துள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலாகச் சுவாகிலிப் புனைகதை எழுப்பிய கேள்விகளை மூன்றாக வகுத்துக் கூறலாம். மனிதரின் மனத்தைத் திருத்தினாற் சமூகம் திருந்துமா என்பது முதலாவது. உடைமை உறவுகளை மாற்றாமல் மனத்தை மாற்ற முடியுமா என்பது இரண்டாவது. உடைமை உறவுகளை மாற்றுவதாகக் கூறி ஆட்சிக்கு வந்தோரை யார் திருத்துவது என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த படிநிலைகளாக இலக்கிய வரலாறுகளிற் காட்டப்படுவதுண்டு. முதற் கேள்வி இலட்சியவாதமெனவும், இரண்டாவது யதார்த்தவாதமெனவும், மூன்றாவது அவநம்பிக்கையெனவும் பெயர் பெறுவதுமுண்டு. இவ்வகுப்பு முற்றாகப் பிழையானதன்று, ஆயின் போதுமானதுமன்று. மூன்றையும் இணைத்து நிற்கும் இழையொன்றுண்டு. குற்றஞ்சாட்டப்பட்ட சீர்திருத்தவாதிக்குப் பேச இடமுண்டா என்பதே அது. இவ்விழையைப் பற்றிச் சென்று சுவாகிலிப் புனைகதையின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம்.

2. மொழியும் பின்புலமும்

சுவாகிலி பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'கரையோரங்கள்' எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது. அரபு, பாரசீகம், போர்த்துக்கேயம், குஜராத்தி, இந்துஸ்தானி முதலிய மொழிகளிலிருந்து பெருந்தொகையான சொற்களைப் பெற்றபோதும் அதன் இலக்கண அமைப்பு ஆபிரிக்காவுக்கே உரியது. லாமு, பாதே, மொம்பாசா, சன்சிபார் ஆகிய துறைமுக நகரங்களில் அரபு எழுத்திற் கவிதைகள் எழுதப்பட்டன. 'உதென்சி' எனப்படும் நெடுங்கதைப் பாட்டு அம்மரபின் தலையாய வடிவம். 1728ஆம் ஆண்டைச் சேர்ந்த தம்பூக்காப் போர்க் காவியம் காலம் குறிக்கப்பட்ட பழைய ஏடுகளுள் ஒன்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ பாடப்பட்ட 'அல்-இன்கிஷாஃபி' என்னும் நெடும்பாட்டு, பாதே நகரத்துச் செல்வரின் பாழடைந்த மாளிகைகளைக் காட்டி உலக வாழ்வின் நிலையாமையை உணர்த்துவது. செல்வத்தின் செருக்கைக் கண்டிக்கும் குரல் இம்மொழியிற் புதிதாகத் தோன்றியதன்று என்பதற்கு அது சான்று. ஆயின் அக்கண்டனம் சமயம் சார்ந்தது. மாளிகை இடிந்தமைக்கு மனிதனின் மறதியைக் காரணமாக்கியதேயன்றி, அதைக் கட்டுதற்குச் சுமை சுமந்தோர் யார் என அது வினாவவில்லை.

உரைநடைப் புனைகதை குடியேற்ற ஆட்சியின் கல்வி முறையோடு வந்தது. 1928இல் மொம்பாசாவிற் கூடிய மாநாடு சன்சிபார் நகரத்துக் கிளைமொழியைப் பொதுமொழிக்கு அடிப்படையாகத் தெரிந்தது. 1930இல் நிறுவப்பட்ட மொழிக் குழு எழுத்தையும் அகராதியையும் பாடநூல்களையும் ஒழுங்குபடுத்தியது. பாடசாலைகளுக்கென 'புதையல் தீவு', 'சாலமன் மன்னனின் சுரங்கங்கள்' போன்ற ஆங்கிலக் கதைகள் சுவாகிலியாக்கப்பட்டன. ஆபிரிக்காவை வெள்ளையரின் வேட்டைக்களமாகக் காட்டும் கதைகளே ஆபிரிக்கப் பிள்ளைகளுக்கு நாவலின் முதல் மாதிரிகளாக வழங்கப்பட்டமை வரலாற்றின் வினோதங்களுள் ஒன்று.

இந்நிலையில் 1934இல் ஜேம்ஸ் ம்போதேலா எழுதிய 'அடிமைகளின் விடுதலை' வெளிவந்தது. சுவாகிலியில் எழுந்த முதல் நாவலாக அதனைக் கொள்வாருளர். அடிமை வணிகத்திலிருந்து மீட்கப்பட்டு மொம்பாசாவுக்கு அண்மையில், பிரேர்ரவுண் என்னும் மிஷன் குடியிருப்பிற் குடியேற்றப்பட்டோரின் கதையை அந்நூல் கூறுகின்றது. அடிமைப்பட்டோரின் வழித்தோன்றலே அடிமைத்தனத்தை எழுதினார் என்ற வகையில் அது மதிப்புக்குரியது. எனினும் அதில் விடுதலை என்பது பிரித்தானியர் வழங்கிய கொடையாகவே தோன்றுகின்றது. அடிமை வணிகத்தை ஒழித்த கையே நிலத்தைப் பறித்ததையும் தலைவரி விதித்ததையும் அந்நூல் கண்டுகொள்ளவில்லை. அடிமைகள் இங்கே பேசப்படுகின்றனர். விடுவித்தோரை நோக்கிக் கேள்வி கேட்பவராக அவர்கள் அமையவில்லை.

3. சாபான் றொபேட்: வழக்குமன்றத்தில் நின்ற சீர்திருத்தம்

கேட்கத் துணிந்தவர் சாபான் றொபேட். 1909இல் தங்கா நகருக்கு அண்மையிற் பிறந்து 1962இல் மறைந்த இவர், 1926 முதல் 1960 வரை 34 ஆண்டுகள் குடியேற்ற அரசின் எழுதுவினைஞராகச் சுங்கம், வனவிலங்கு, மாவட்ட நிர்வாகம், நில அளவை ஆகிய பகுதிகளிற் பணியாற்றியவர். அந்நிய ஆட்சியின் கோவைகளைப் பகலில் எழுதிய கை இரவில் அந்த ஆட்சியின் நியாயத்தைச் சோதித்தது எனலாம். கவிதை, கட்டுரை, வாழ்க்கை வரலாறு, கதை ஆகிய துறைகளனைத்திலும் எழுதிய இவரைச் சுவாகிலி நவீன இலக்கியத்தின் தந்தையெனப் போற்றுவர்.

1951இல் வெளிவந்த 'குசாடிக்கிக்கா' இவருடைய படைப்புக்களுள் நமது ஆய்வுக்கு முதன்மையானது. 'நம்பத்தக்கது' எனப் பொருள்படும் பெயர்கொண்ட அந்த நாடு வானத்தில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்டுள்ளது. அந்நாட்டு மக்களுக்குச் சட்டக் கல்வி அளிக்க முயன்றான் என்பதற்காகக் கராமா என்பவன் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகின்றான். குற்றஞ்சாட்டும் மந்திரியின் பெயர் 'மஜிவுனோ'. செருக்கு என்பது அதன் பொருள். கராமா தன் வாதமாக, முன்னர் நாட்டின் நலன் கருதித் திசைகள் தோறும், விண்ணுக்கும் மண்ணுக்குமெனவும் அனுப்பப்பட்ட ஆறு தூதுவரின் கதைகளை எடுத்துரைக்கின்றான். துன்பப்பட்டுத் திரும்பி, பிற நாடுகளிற் கண்ட நல்லனவற்றை அறிவித்த அத்தூதுவர் ஒவ்வொருவரும் பெற்ற பரிசு சிறையே. கதைகள் முடிகையில் மன்றம் மனமாறுகின்றது, கராமா விடுதலை பெறுகின்றான், சிறைப்பட்டோரும் மீள்கின்றனர்.

இக்கதையின் பொருள் அக்கால வாசகருக்கு மறைவானதாக இருந்திருக்க முடியாது. சட்டம் என்பது ஆள்வோரின் மொழியில், ஆள்வோரின் ஏட்டில் மட்டுமே இருந்த நாட்டில், சட்டத்தை மக்கள் கற்கவேண்டும் எனக் கூறுவதே குற்றமென்று காட்டியது இந்நூல். ஆயினும் அது பிரித்தானியப் பதிப்பகமொன்றினால் வெளியிடப்பட்டது. வானத்து நாடு, குணங்களின் பெயர்தாங்கிய மாந்தர், ஆயிரத்தொரு இரவுகளை நினைவூட்டும் கதைக்குட் கதை ஆகிய உருவகப் போர்வைகளே அதனைக் காத்தன. மரபு வடிவம் இங்கே பழமைப் பற்றினாற் கையாளப்படவில்லை. காப்புக் கவசமாகப் பயன்பட்டுள்ளது.

அவர் மறைந்த பின்னர், 1967இல் வெளிவந்த 'குஃபிக்கிரிக்கா' இதே வழியிற் செல்வது. 'சிந்திக்கத்தக்கது' என்னும் பெயருடைய நாட்டில் அரசகுமாரனின் கல்வியும் நோயும் கதைப்பொருளாகின்றன. நோய் தீர நரபலி வேண்டும் என்னும் மரபு பகுத்தறிவின் முன் நிறுத்தப்பட்டுத் தோற்கடிக்கப்படுகின்றது. 1968இல் வெளிவந்த 'உழவன் உட்டுபோரா' நகரத்து உத்தியோகத்தைத் துறந்து மண்ணை நாடும் மனிதனை இலட்சிய மாந்தனாக்குகின்றது. அடிமைக் குடும்பமொன்றிற் பிறந்து, 1928இற் பம்பாய் சென்று இசைத்தட்டுப் பதிவு செய்த சன்சிபார்ப் பாடகி சித்தி பிந்தி சாட்டின் வாழ்க்கை வரலாற்றையும் அவர் எழுதினார். பிறப்பினாலும் பால்நிலையினாலும் தாழ்த்தப்பட்ட ஒருத்தியின் வாழ்க்கையை வரலாற்றுக்குரிய பொருளாக்கிய அச்செயல், அவருடைய கற்பனைக் கதைகளினும் துணிவானது என்றே நாம் கருதுகின்றோம்.

இவருடைய சிந்தனையின் மையச் சொல் 'உட்டு' என்பது. மனிதனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த இது மனிதத்தன்மை எனப் பொருள்படும். உண்மை, நீதி, உழைப்பு, இரக்கம் ஆகியன மனிதனை மனிதனாக்கும். அவை அரசனிடத்தும் மந்திரியிடத்தும் எழுமாயின் நாடு திருந்தும் என்பது அவர் நம்பிக்கை. பின்வந்த மார்க்சிய விமர்சகர்கள் இதனை இலட்சியவாதமெனக் குறைகூறினர். குணங்கள் மோதுகின்றனவேயன்றி வர்க்கங்கள் மோதவில்லை என்பதும், மாற்றம் மேலிருந்து, மன்னனின் மனமாற்றத்தால் நிகழ்கின்றது என்பதும் அவர்கள் காட்டிய குறைகள். இவை மறுக்கப்பட இயலாதவை. ஆயின் முடிவினை மட்டும் நோக்கி இவ்விமர்சனம் கதையின் நடுவினை மறந்துவிடுகின்றது. கராமா விடுதலை பெற்றது மன்னனின் கருணையினாலன்று. பலநாட் பேசி, சான்று காட்டி, கேட்போரை வென்றதனாலேயே. குற்றஞ்சாட்டப்பட்டவன் பேசி முடிக்கும்வரை நாடே காத்திருக்கின்றது. தலைவன் நல்லவனாக வேண்டும் என்ற ஆசையினும் பெரியது இது. ஆளப்படுவோனின் வாயை அடைக்கும் உரிமை எவருக்குமில்லை என்ற கோட்பாடு இதனுள் அடங்கியுள்ளது.

பகுத்தறிவின் பேரால் மரபைச் சோதிக்கும் பணியை வேறொரு திசையில் தொடர்ந்தவர் சன்சிபாரைச் சேர்ந்த முகம்மது சயீட் அப்துல்லா. 1960இல் நூலாக வெளிவந்த அவருடைய 'முன்னோரின் ஆவித்தலம்' துப்பறியும் கதை. ஆவிகளின் செயல் எனப் பலரும் அஞ்சும் கொலையை, புவானா எம்சா என்னும் துப்பறிவாளர் தருக்கத்தினால் மனிதரின் செயலெனக் காட்டுகின்றார். பொழுதுபோக்கு வடிவமொன்று சமூகப் பணி ஆற்றியமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. எனினும் கொலைஞனைக் கண்டுபிடித்ததும் அக்கதை அமைதியடைகின்றது. கராம்புத் தோட்டங்கள் யாருடையவை என்ற கேள்வி அங்கே எழவில்லை.

4. சன்சிபார்: உடைமையின் கேள்வி

அக்கேள்வியை எழுப்பியது வரலாறு. சன்சிபாரும் பெம்பாவும் 19ஆம் நூற்றாண்டில் அடிமைகளின் உழைப்பினால் உலகின் கராம்புக் களஞ்சியமாயின. 1897இல் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயின் நிலம் பழைய உடைமையாளரிடமே தங்கியது. விடுதலை பெற்றோர் அவர்தம் நிலத்தில் அண்டி வாழும் குடிகளாயினர். 1963 டிசம்பரிற் கிடைத்த சுதந்திரம் சுல்தானின் ஆட்சியை நீடிக்கச் செய்ததேயன்றி இவ்வுறவை மாற்றவில்லை. 1964 ஜனவரி 12இல் வெடித்த புரட்சி அவ்வாட்சியை வீழ்த்தியது. தோட்டங்கள் பறிமுதல் செய்யப்பட்டு மூன்று ஏக்கர் அளவான துண்டுகளாகப் பகிரப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் தங்கனிக்காவும் சன்சிபாரும் இணைந்தன. அவ்விணைப்பே பின்னர் தன்சானியா எனப் பெயர் பெற்றது. புரட்சி இனப்படுகொலையின் சாயலையும் கொண்டிருந்தது என்பதை மறைத்தல் ஆய்வு நேர்மையாகாது. ஆயிரக்கணக்கான அரேபியரும் ஆசிய வழியினரும் அதிற் கொல்லப்பட்டனர். பலர் நாட்டைவிட்டு ஓடினர்.

1970களில் இத்தீவுகளிலிருந்து எழுந்த நாவல்கள் சுவாகிலி யதார்த்தவாதத்தின் உச்சங்கள். முகம்மது சுலைமான் முகம்மதுவின் 'றெஹேமாவின் நட்சத்திரம்' 1976இல் வெளிவந்தது. செல்வந்த நிலவுடைமையாளனின் மகளாகப் பிறந்தும், நிறத்தினாலும் தாயின் பிறப்பினாலும் புறக்கணிக்கப்பட்ட பெண்ணின் கதை அது. அவளும் உழைப்பாளியான அவள் கணவனும் வியர்வை சிந்திப் பண்படுத்திய நிலம் அவளுக்குரியதன்று எனப் பத்திரத்தின் பேரால் மறுக்கப்படுகின்றது. நிறமும் வர்க்கமும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நிற்கின்றன என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டும் நாவல்கள் சிலவே.

1978இல் ஆதம் ஷாஃபியின் 'முவினி ஃபுவாட்டின் மாளிகை' வெளிவந்தது. அதில் வரும் பணிப்பெண்ணின் பெயர் கிஜகாசி. 'சிற்றடிமைப் பெண்' என்பதே அச்சொல்லின் பொருள். எசமானுக்குத் தொண்டு செய்வதே தன் பிறவிப் பயன் என அவள் நம்புகின்றாள். விலங்கு கையிலிருந்து மனத்துக்கு ஏறியபின் அதனை உடைப்பது எத்துணை அரிது என்பதே நாவலின் உயிர்ப்பொருள். மாளிகையின் வீழ்ச்சி ஒருநாட் செயல். கிஜகாசியின் விடுதலையோ நெடுங்காலச் செயல். சாபான் றொபேட் கூறிய மனமாற்றம் இங்கே மறுக்கப்படவில்லை. அது மன்னனிடத்திலிருந்து பணிப்பெண்ணுக்கு இடமாற்றப்பட்டுள்ளது. உடைமை மாற்றத்தோடு பிணைக்கப்பட்டுமுள்ளது.

அவ்வாசிரியரின் அடுத்த நாவல், 1979இல் வெளிவந்த 'கூலி'. 1947இல் மொம்பாசாவிலும் தாருஸ்ஸலாமிலும் எழுந்த வேலைநிறுத்தங்களைத் தொடர்ந்து, 1948 ஆகஸ்டிற் சன்சிபார்த் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர்; செப்டெம்பரில் அது பொது வேலைநிறுத்தமாக விரிந்தது. தந்தையைத் துறைமுக வேலைக்குப் பலிகொடுத்துத் தானும் அவ்வேலைக்கே செல்லும் ரஷீத் என்னும் இளைஞன் அப்போராட்டத்தினூடாக உணர்வு பெறுவதை நாவல் சித்திரிக்கின்றது. இந்நூலின் சுவாகிலித் தலைப்பும் 'கூலி' என்பதே. நம் மொழியின் 'கூலி' என்னும் சொல்லோடு உறவுடையதெனப் பலராலும் கருதப்படும் அச்சொல், பேரரசின் கப்பல்களோடும் தோட்டங்களோடும் பரவி, சன்சிபாரின் துறைமுகத்திற் சுமை சுமப்போனின் பெயராயிற்று. அதே மொழியில் முதலாளியைக் குறிக்கும் 'பேபாரி' என்பதோ நாம் 'வியாபாரி' எனும் சொல்லின் திரிபாக இந்திய வணிகர் வழி சென்றது. சுரண்டுவோனுக்கும் சுரண்டப்படுவோனுக்கும் உரிய பெயர்கள் இரண்டும் நமது கடற்புறத்திலிருந்து சென்றவை என்பதை ஈழத்து வாசகராகிய நாம் மனங்கொள்ளுதல் வேண்டும். மலைநாட்டிலே அச்சொல் எவ்வாறு பழிச்சொல்லாயிற்று என்பதை அறிந்த நமக்கு, அதனையே நாவலின் தலைப்பாக நிமிர்த்தி வைத்த செயலின் அருமை விளங்கும்.

இவ்விரு நாவல்களும், சயீட் அகமது முகம்மதுவின் 'உலகம் ஒரு பட்டமரம்' (1980) போன்றனவும், ஒரு வகையில் தம் காலத்து அரசின் நோக்கோடு ஒத்துச் சென்றன. அவை சாடிய கொடுமைகள் உண்மையானவை. ஆயின் அவற்றிற் பெரும்பாலன 1964க்கு முற்பட்டவை. கடந்தகாலத்தின் கொடுங்கோலனைக் கூண்டில் நிறுத்துதல் எளிது. அவன் மாளிகையிற் புதிதாகக் குடியேறியவனை நோக்குதல் அரிது.

5. வீட்டின் உட்புறம்

சமூக விமர்சனத்தின் மற்றொரு களம் குடும்பம். 1971இல் வெளிவந்த 'றோசா மிஸ்திக்கா' யூப்ரேஸ் கெசிலஹாபியின் முதல் நாவல். விக்ரோரியா ஏரியிலுள்ள உக்கெரேவேத் தீவிற் பிறந்த அவர் தம் ஊரையே களமாகக் கொண்டார். குடிகாரனும் கொடியனுமான தந்தையின் அடக்குமுறையில் வளர்ந்த றோசா, கல்வியின் பொருட்டு வீட்டைவிட்டு வெளியேறியதும், சுதந்திரத்தைக் கையாளும் பயிற்சி எதுவுமின்றி ஆசிரியர், அதிகாரிகள் முதலியோரின் இச்சைக்கு இரையாகின்றாள். ஈற்றில் தற்கொலை செய்துகொள்கின்றாள். ஒழுக்கக் கேடானது எனக் கூறி இந்நூல் சிலகாலம் பாடசாலைகளிலிருந்து விலக்கப்பட்டது. பின்னர் பாடநூலாகவும் ஏற்கப்பட்டது. விலக்கியோர் அஞ்சியது றோசாவின் ஒழுக்கத்தைக் குறித்தன்று. தந்தை, ஆசிரியன், அதிகாரி ஆகிய மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்திய பார்வையைக் குறித்தே எனக் கொள்வது பொருந்தும்.

சயீட் அகமது முகம்மதுவின் 'பிரிவினை' (1980) இதனை மேலும் விரித்தது. பொதுவாழ்விற் பதவியை நாடும் மக்சூடி தன் மகள் மைமுனாவை வீட்டுக்குள் அடைத்து வைக்கின்றான். வெளியேறிய அவள் நகரத்தின் இருண்ட பகுதிகளிற் சிதைந்து, பின் தன் வாழ்வைத் தானே மீளக் கட்டுகின்றாள். மேடையில் மக்களின் விடுதலையைப் பேசுவோன் வீட்டிற் சிறைக்காவலனாக இருக்கும் முரண்பாடு, விடுதலை பெற்ற நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. வரட்சியினாற் பிழைப்பிழந்து நகருக்குச் செல்லும் கிராமத்து இளையோரைப் பற்றி நதியானாவ் பலிசீட்யா எழுதிய 'இடர்' (1975) பெண்ணொருவரின் குரலாக இத்துறையில் ஒலித்தது. 1999இல் ஆதம் ஷாஃபி வெளியிட்ட 'இழுபறி'யில் வரும் யாஸ்மின், இந்திய வழிவந்த சன்சிபார்க் குடும்பத்தின் பெண். முதியவனொருவனுக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்ட அவள், வீட்டின் கட்டினையும் இனத்தின் வேலியையும் ஒருங்கே உடைத்து, குடியேற்ற ஆட்சிக்கெதிராக இயங்கும் டெங்கே என்பவனோடு இணைகின்றாள். புரட்சிக் காலத்து நாவல்களில் இந்திய வழியினர் பெரும்பாலும் கடைக்காரராக, அந்நியராக வந்தமையை நோக்க, இது குறிப்பிடத்தக்க திருத்தமாகும்.

6. பிரகடனத்தின் பின்னர்

சன்சிபார் நாவலாசிரியர்கள் கடந்தகாலத்தை எழுதிய அதே ஆண்டுகளில், தன்சானியாவின் பெருநிலப்பகுதியில் நிகழ்காலம் விவாதப் பொருளாயிற்று. 1967 பெப்ரவரி 5இல் அருஷாப் பிரகடனம் வெளியானது. வங்கிகளும் பெருந்தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட்டன. குடும்ப உணர்வு எனப் பொருள்படும் 'உஜமா' என்ற சொல் தன்சானிய சோசலிசத்தின் பெயராயிற்று. அதே ஆண்டில் ஆரம்பக் கல்வி முழுவதும் சுவாகிலியில் அமைந்தது. சனாதிபதி ஜூலியஸ் நைரேரே தாமே ஷேக்ஸ்பியரை மொழிபெயர்த்தவர். 'வெனிஸ் நகர வணிகன்' என்னும் நாடகத்துக்கு அவர் 1969இல் இட்ட பெயர் முதலாளிகளைக் குறிக்கும் 'மபேபாரி' எனும் பன்மைச் சொல்லைக் கொண்டது. தனி வணிகனொருவனின் கதை வர்க்கமொன்றின் கதையாயிற்று. மொழி, கல்வி, இலக்கியம் ஆகிய மூன்றும் ஓர் அரசின் இலட்சியத்தோடு இத்துணை நெருங்கி இணைந்தமை ஆபிரிக்காவில் அரிதான நிகழ்ச்சி. உஜமாவைப் போற்றும் கதைகள் பல எழுந்தன. அவற்றிற் பெரும்பாலன தீர்வை முன்னரே அறிந்துகொண்டு சிக்கலைப் பின்னர் தேடியவை. ஆதலின் விரைவில் மறக்கப்பட்டன.

இவ்விணைப்பின் விலையை அறிந்தவர் கெசிலஹாபி. 1975இல் வெளிவந்த 'உலகம் ஒரு கலகக்களம்' துமாய்னி என்பவனின் கதை. பெற்ற செல்வத்தை அழித்து, பின் உழைத்துப் பெருவிவசாயியாக உயர்ந்த அவன், தன் பண்ணை நாட்டுடைமையாகும் வேளையில் அரச அதிகாரியைக் கொன்று தூக்குமேடை ஏறுகின்றான். ஆசிரியர் முதலாளித்துவத்துக்காகக் கண்ணீர் சிந்தவில்லை. 'துமாய்னி' என்பதற்கு நம்பிக்கை என்பது பொருள். நம்பிக்கை தூக்கிலிடப்பட்ட நாட்டில் எஞ்சுவது யாது என்றே வினாவுகின்றார்.

1973 முதல் 1976 வரை சிதறிய குடிகளைக் கூட்டுக் கிராமங்களுக்கு மாற்றும் இயக்கம் நடந்தது. மனமுவந்து சேரவேண்டிய கிராமத்துக்கு மக்கள் பல இடங்களில் வற்புறுத்தி ஏற்றிச் செல்லப்பட்டனர். பழைய குடிசைகள் எரிக்கப்பட்ட இடங்களுமுண்டு. 1979இல் வெளிவந்த 'பாம்பின் சட்டை' இவ்வியக்கத்தையே பொருளாகக் கொண்டது. கற்ற இளைஞர் இருவர் கிராமத்துக்குச் சோசலிசத்தைக் கொண்டு வருகின்றனர், கிராமத்தவர் எதிர்க்கின்றனர். எதிர்ப்போர் அனைவரையும் பிற்போக்காளராகக் காட்டுவது எளிதான வழி. கெசிலஹாபி அதனை மேற்கொள்ளவில்லை. தம் கிணற்றையும் முன்னோரின் புதைகுழியையும் விட்டுச்செல்ல மறுக்கும் மூதாட்டியின் நியாயமும் நியாயமே என அவர் உணர்த்துகின்றார். பாம்பு சட்டையை உரித்தாலும் பாம்பாகவே இருக்கும். அரசு பெயரை மாற்றியதனால் அதிகாரத்தின் இயல்பை மாற்றிவிட்டதா என்பதே தலைப்பின் உட்பொருள்.

முற்போக்கு விமர்சகர் சிலர் இந்நாவல்களை அவநம்பிக்கை இலக்கியமென ஒதுக்கினர். நாம் அதற்கு உடன்படோம். சமதர்மம் மக்களின் பேரால் நடைபெறுவது. ஆயின் மக்கள் கேட்கப்பட்டனரா என்ற வினா சமதர்மத்துக்கு எதிரானதன்று, அதன் உயிர்நிலை. குசாடிக்கிக்காவின் கராமா செருக்கின் முன் நின்று கேட்டதையே கெசிலஹாபியின் கிராமத்தவரும் கேட்கின்றனர். வேறுபாடு ஒன்றே: கராமாவின் பேச்சை மன்றம் செவிமடுத்தது, இவர்களுடைய பேச்சை லொறியின் இரைச்சல் மூழ்கடித்தது.

கென்யாவின் அனுபவமும் இதனை உறுதிப்படுத்தும். அங்கே சோசலிசப் பிரகடனம் இல்லை. எனினும் 'எண்ணெய்' (1984) எழுதிய கத்தாமா ம்கங்கி, 1986இல் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார். 1995இல் அவர் எழுதிய 'வலேனிசி' கற்பனை நாடொன்றின் கதை. 'அவர்கள் நாமே' என்னும் சுவாகிலித் தொடரின் சுருக்கமே அந்நாட்டின் பெயர். நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின்னரும், சாபான் றொபேட் கண்டுபிடித்த இல்லாத நாட்டுக்குக் குடிபெயர்ந்தே உள்ள நாட்டைப் பேசவேண்டியிருந்தது.

7. துரோகியும் தூதுவனும்

1972 ஏப்ரல் 7இல் சன்சிபாரின் ஆட்சித் தலைவர் அபெய்த் கருமே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் இடதுசாரிகள் உட்படப் பலர் சிறைப்பட்டனர். ஆதம் ஷாஃபி அவர்களுள் ஒருவர். அவ்வனுபவத்திலிருந்து பிறந்த 'துரோகி' 2003இலேயே நூலாக வெளிவந்தது. இடையில் 1991இல் அருஷாப் பிரகடனத்தின் தலைமை ஒழுக்கநெறி கைவிடப்பட்டது. 1992இல் ஒருகட்சி ஆட்சி முடிவுற்றது. கொலையின் பின் முப்பத்தோராண்டு கழித்தே அக்கதையை அம்மொழியில் அச்சிடமுடிந்தது என்பதே ஒரு வரலாற்றுச் செய்தி. மாளிகையின் வீழ்ச்சியைப் பாடியவரே, மாளிகையின் இடத்தில் எழுந்த சிறைக்கூடத்தையும் எழுதவேண்டியவரானார்.

இங்கே நமது இழை நிறைவுறுகின்றது. 'குசாடிக்கிக்கா'வின் மன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவன் பேச அனுமதிக்கப்படுகின்றான். 'துரோகி'யின் விசாரணைக் கூடத்திற் குற்றஞ்சாட்டப்பட்டவன் பேசுமாறு வதைக்கப்படுகின்றான். முன்னையதிற் பேச்சு விடுதலைக்கு வழி; பின்னையதில் அது வாக்குமூலம். தூதுவனுக்கும் துரோகிக்கும் உள்ள வேறுபாடு அவன் செயலிலன்று, கேட்போரின் செவியிலேயே தங்கியுள்ளது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகளுக்கு நாம் வரலாம். முதலாவதாக, சுவாகிலிப் புனைகதையின் சீர்திருத்த இலட்சியம் இலட்சியவாதத்திலிருந்து யதார்த்தத்துக்கு நேர்கோட்டில் வளர்ந்தது எனக் கொள்வது பொருந்தாது. சாபான் றொபேட்டின் உருவகக் கதைகள் வர்க்க முரண்பாட்டைக் காணத் தவறின. ஆயின் பேச்சுரிமையைச் சீர்திருத்தத்தின் நிபந்தனையாகக் கண்டன. சன்சிபாரின் யதார்த்த நாவல்கள் வர்க்கத்தைக் கண்டன; அந்நிபந்தனையைச் சிலகாலம் மறந்தன. கெசிலஹாபியும் பிற்கால ஆதம் ஷாஃபியும் இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினர். இரண்டாவதாக, அரசின் இலட்சியம் உயர்ந்ததாயினும், அதனோடு முற்றாக ஒன்றிய இலக்கியம் தன் பணியை இழக்கின்றது. அருஷாவின் இலட்சியம் கைவிடப்பட்ட பின்னரும் நிலைத்து நிற்பவை அதனைப் போற்றிய கதைகளல்ல. அதனை நேசித்தும் கேள்வி கேட்ட நாவல்களே. மூன்றாவதாக, இக்கேள்விகள் மக்களின் சொந்த மொழியில் எழுப்பப்பட்டமையினாலேயே அவை தடைக்கும் சிறைக்கும் உரியனவாயின. பாடசாலை வகுப்பறைகளுக்கும் உரியனவாயின.

கராமா செய்த குற்றம் மக்களுக்குச் சட்டம் கற்பிக்க முயன்றது. அக்குற்றம் இன்னும் பல நாடுகளிற் குற்றமாகவே உள்ளது. சமூகம் மாறவேண்டும் என விரும்பும் இலக்கியம், மாற்றத்தை வரவேற்கும் அதே வேளையில், அம்மாற்றத்தின் பேரால் கூண்டில் நிறுத்தப்படுவோன் பேசி முடிக்கும்வரை காத்திருக்கவும் கடமைப்பட்டுள்ளது.